பாசிமணிக்கு எந்த ஊர்?

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "போன மலர்ல பவுண்டரியைப் பத்தி எழுதிட்டீங்க. இந்தத் தடவை வேற ஏதாச்சும் எழுதுங்க, சரித்திரம் மாதிரி" என்றார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பவுண்டரி வழியாகப் போனால்தான் எனக்குச் சரித்திரம் புரிகிறது.

என்னிடம் ஒரு பாசிமணி இருக்கிறது. மிளகைவிடச் சின்னது. செங்கல் நிறம். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது என்.எஸ்.எஸ். முகாமில், ஏரி வாய்க்கால் தூர் வாரிக்கொண்டிருந்த சமயம், என் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. சட்டைப் பையில் போட்டேன். அப்புறம் ஹாஸ்டலில் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டேன். படித்து முடித்துப் பதினைந்து வருடம் ஆகிறது. வேலை மாறியது, வீடு மாறியது, தீப்பெட்டி மட்டும் கூடவே வந்துகொண்டிருக்கிறது. அந்த மணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் மணிக்கு வருவதற்கு முன்னால் கடல் தாண்டிச் சில தீவுகளுக்குப் போய் வர வேண்டும்.

முதலில் பவுண்டரி. (இரண்டே பத்திதான், பயப்பட வேண்டாம்.)

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நைட் ஷிப்ட். ஒரே கிரேடு இரும்பில் அடுத்தடுத்து இரண்டு உருக்கு ஊற்றினோம். ஒவ்வொரு உருப்படியிலும் ஹீட் நம்பர் போட வேண்டும். போட்டார்களா என்று பார்க்க வேண்டியது என் பொறுப்பு. நான் பார்க்கவில்லை. காலையில் லேபிலிருந்து ஆள் வந்து, முதல் ஹீட்டின் டெஸ்ட் பார் இழுவைச் சோதனையில் தேறவில்லை என்றார். முற்றத்தில் இரண்டு ஹீட்டும் கலந்து கிடக்கிறது. எது நல்லது, எது கெட்டது என்று சொல்ல அடையாளமே இல்லை. மொத்தத்தையும் திரும்ப உலையில் போட வேண்டியதுதான் என்று பேச்சு வந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

லேபில் இருந்த பெரியவர் ஒருவர்தான் காப்பாற்றினார். ஒவ்வொரு உருப்படியையும் ஸ்பெக்ட்ரோவில் வைத்துப் பொறி விடச் சொன்னார். "கார்பனையும் சிலிக்கானையும் பார்க்காதே தம்பி. அது நாம கணக்குப் பார்த்துப் போட்டது, ரெண்டுலயும் ஒண்ணாத்தான் இருக்கும். நாம போடாம வந்து சேர்ந்தது எதுன்னு பாரு" என்றார். ஒரு ஹீட்டில் செம்பும் தகரமும் ஒரு துளி கூடுதல். பழைய மோட்டார் ஸ்க்ராப்போடு வந்தது. மதியத்துக்குள் இரண்டு குவியலாகப் பிரித்துவிட்டோம். வேண்டும் என்று சேர்த்தவை எல்லாம் ஒன்றுபோல இருக்க, வேண்டாமல் வந்து ஒட்டிய துளிதான் பூர்வீகத்தைச் சொல்கிறது என்ற பாடத்தை அன்று கற்றேன். வகுப்பில் இதை யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கடைசி பெஞ்ச்.

சில வருடம் கழித்து ஒரு ரயில் பயணத்தில், கையில் இருந்த பழைய விஞ்ஞானப் பத்திரிகையில் அதே வித்தையைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பைச் சொல்லி மாளாது. அது இரும்பைப் பற்றியது அல்ல, அப்சிடியன் என்ற கல்லைப் பற்றியது.

அப்சிடியன் என்பது எரிமலைக் கண்ணாடி. எரிமலைக் குழம்பு படிகமாகத் திரள நேரம் கிடைக்காமல் சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடியாக உறைந்துவிடும். பெரும்பாலும் கறுப்பு. தட்டினால் பிளேடு போன்ற விளிம்போடு தெறிக்கும். இரும்பு தெரியாத காலத்தில் மனிதனுக்கு இதைவிட நல்ல கத்தி கிடையாது. மத்தியதரைக் கடல் தீவுகளிலும் கரைகளிலும் தோண்டிய இடமெல்லாம் அப்சிடியன் சில்லுகள் கிடைத்தன. ஆனால் அது இயற்கையாகக் கிடைக்கும் எரிமலைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. எந்தச் சில்லு எந்த எரிமலை? நிறத்தைப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1964-ல் ஜோ கேன் என்ற நிலவியலாளரும் காலின் ரென்ஃப்ரூ என்ற தொல்லியலாளரும் சில்லுகளை ஸ்பெக்ட்ரோவில் எரித்துப் பார்த்தார்கள். மணற்சத்தான சிலிக்கா எல்லாவற்றிலும் முக்கால் பங்கு அளவில்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயனில்லை. பேரியம், சிர்க்கோனியம் போன்ற துளித் தனிமங்களைப் பார்த்தார்கள். குழம்பு பூமிக்குள் மெல்ல ஆறும்போது முதலில் திரளும் படிகங்களுக்குள் இந்தத் தனிமங்கள் சிலவற்றுக்கு இடம் கிடைக்காது. பஸ்ஸில் சீட் கிடைக்காதவர்கள் மாதிரி கடைசிவரை குழம்பிலேயே நின்றுகொண்டிருக்கும். எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம், எந்தப் பாறையை உருக்கி வந்த குழம்பு என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஒவ்வொரு எரிமலைக்கும் ஒரு கைரேகை. கண்ணாடியாக உறைந்ததால் சில்லின் எந்த மூலையில் தொட்டாலும் அதே ரேகை.

கிரேக்க நாட்டின் தென்பகுதியில் ஃபிராங்க்தி என்று ஒரு குகை. அங்கே சுமார் 13,000 ஆண்டுப் பழமையான மண்ணடுக்கில் கிடைத்த அப்சிடியன், மேலோஸ் தீவினுடையது என்று தெரிந்தது. மேலோஸுக்குக் கடல் வழி தவிர வேறு வழி கிடையாது. விவசாயம் தெரியாத, பானை செய்யத் தெரியாத மனிதன் கடலில் போய் வந்திருக்கிறான்! படகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சாட்சி சொன்னது அந்தச் சில்லில் இருந்த துளித் தனிமங்கள்தான்.

பசிபிக்கில் இன்னும் பெரிய கதை. போர்னியோ தீவில், சபா மாநிலத்தில் புக்கிட் தெங்கோராக் என்று ஒரு குன்று. அங்கே கிடைத்த அப்சிடியன், நியூகினியாவுக்குக் கிழக்கே நியூ பிரிட்டன் தீவின் தலாசியா எரிமலைப் பகுதியிலிருந்து வந்தது என்று பீட்டர் பெல்வுட் என்ற ஆஸ்திரேலியப் பேராசிரியரும் பீட்டர் கூனும் 1989-ல் எழுதினார்கள். தூரம் சுமார் 3,500 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரையும் தாண்டிவிடலாம். கிழக்கே ஃபிஜி தீவுகள்வரை அதே கல் போயிருக்கிறது. இந்த பெல்வுட் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் நம் பக்கம் வருவார்.

படித்ததும் எனக்கு உடனே ஆசை. நம்மூரில் அப்சிடியன் உண்டா? ஏமாற்றம்தான். சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பாறைகளுக்கு வயது 250 கோடி ஆண்டுகள் அளவில். பூமிக்குள் ஆழத்தில் வெந்து, அழுந்தி, படிகம் படிகமாகத் திரண்டவை. எரிமலைக் கண்ணாடி அவ்வளவு காலம் தாங்காது. சில கோடி ஆண்டுகளிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் படிகமாக மாறிப் பொடிந்துவிடும். ஆக, நம் பக்கம் இயற்கைக் கண்ணாடி கிடையாது.

ஆனால் செயற்கைக் கண்ணாடி உண்டு. அங்கேதான் என் தீப்பெட்டி ஞாபகம் வந்தது.

(நடுவில் ஒன்று. அந்தமான் தீவுகளில் பழங்குடி மக்கள், கரை ஒதுங்கிய பாட்டில்களை உடைத்து, கல்லைச் செதுக்குவது போலவே செதுக்கி, சவரக் கத்தியாகப் பயன்படுத்தியதை 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஆங்கில அதிகாரி ஈ. எச். மேன் எழுதி வைத்திருக்கிறார். எரிமலை கொடுத்தாலும் பாட்டில் கம்பெனி கொடுத்தாலும் கண்ணாடி கண்ணாடிதான்.)

இந்தோனேசியாவின் கிழக்கே திமோர், ஃப்ளோரஸ் தீவுகளில் பெண்கள் பரம்பரையாகப் பாதுகாக்கும் ஒரு மணி உண்டு. பெயர் முட்டிசாலா. செங்கல் நிறம், வெளிச்சம் ஊடுருவாத கண்ணாடி. கல்யாணச் சீருக்கு அது இல்லாமல் ஆகாது. நம் ஊரில் தாலிக்கொடியைப் போல வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் அந்தத் தீவுகளில் அதைச் செய்தவர் யாரும் கிடையாது. பூமியில் விளைந்தது என்றுகூட ஒரு நம்பிக்கை. போட்டோவைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மணியைப் பெரிதாக்கி வைத்தது போல இருந்தது.

இந்த வகை மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தவர் பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற அமெரிக்கர். வாழ்நாள் முழுக்க மணிகளின் பின்னாலேயே அலைந்தவர். 2002-ல் கானா நாட்டில் காலமானார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த கண்ணாடிக் குழல் துண்டுகள், கழிவுகள், பாதி முடிந்த மணிகள் ஆகியவற்றைப் பார்த்து, அது மணி செய்த இடம் என்றும், இந்த வகைக்கே மிகப் பழைய பெரிய பட்டறை அதுதான் என்றும் சொன்னார். தயாரித்த முறையை அவர் புத்தகத்தில் தேடவில்லை. ஆந்திராவில் காளஹஸ்திப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் போன நூற்றாண்டின் கடைசியிலும் அதே முறையில் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே போய்ப் பார்த்தார். உருகிய கண்ணாடி உருண்டைக்குள் லடா என்ற நீண்ட இரும்புக் குழாயைச் செலுத்தி நடுவில் துளை உண்டாக்குவார்கள். உலையின் மறுபக்கம் ஒருவர் கொக்கியால் பிடித்து இழுத்தபடியே இருப்பார். நூல் போலக் குழல் வந்துகொண்டே இருக்கும். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலில் புரட்டி மறுபடி சூடு காட்டினால் முனை மழுங்கி மணியாகிவிடும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் வரும். மாஸ் புரொடக்ஷன் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அது இதுதான்.

சிவப்பு நிறத்தையும் சொல்லியாக வேண்டும். நிறத்தைக் கொடுப்பது செம்பு. உலையில் காற்று தாராளமாகப் போனால் அதே செம்பு பச்சை, நீலம் என்று நிறம் காட்டும். காற்றைக் குறைத்துப் புகையவிட்டால்தான் செங்கல் சிவப்பு. கொஞ்சம் தப்பினால் மொத்த உருக்கும் பாழ். டிஜிட்டல் மீட்டரை வைத்துக்கொண்டே உலையில் தப்புப் பண்ணுகிற எங்களுக்குத்தான் தெரியும், அந்த உலைக்காரரின் கண் எப்பேர்ப்பட்ட கண் என்று.

சரி, முட்டிசாலா போன்ற மணிகளின் கண்ணாடி எந்த மண்? இங்கேயும் ஸ்பெக்ட்ரோ வித்தைதான், கருவி மட்டும் புதிது. லேசர் ஒளியால் மணியில் தலைமுடி தடிமனுக்கு ஒரு குழி. அதிலிருந்து எழும் ஆவியைக் கருவிக்குள் அனுப்பினால், பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருக்கும் தனிமத்தையும் எண்ணிச் சொல்லிவிடும். சிகாகோவில் ஃபீல்ட் மியூசியத்தில் லோர் டுசுபியு என்ற ஆய்வாளர் பல நாட்டு மணிகளையும் இப்படிச் சோதித்துவருகிறார்.

கண்ணாடிக்கு மணலும் வேண்டும், அதை உருகவைக்கக் காரமும் வேண்டும். ரோமானியக் கண்ணாடிக்குக் கீழைமத்தியதரைக் கடற்கரை மணல்; சுத்தமான மணல், அலுமினா 2, 3 சதவீதம்தான். இந்த மணிகளில் அலுமினா 5 சதவீதத்துக்கு மேல், சில சமயம் 10-ஐயும் தாண்டும். காரணம் நமக்குக் கண்முன்னால் இருக்கிறது. கருங்கல் பூமியின் ஆற்று மணலை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். குவார்ட்ஸ் மட்டுமா இருக்கிறது? பால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பெல்ட்ஸ்பார் துகள்கள் கலந்திருக்கும். அலுமினா அதிலிருந்து வருவது. காரத்துக்கு, வெயில் காலத்தில் தரையில் வெள்ளையாகப் பூக்கும் உவர்மண். சலவைத் தொழிலாளிகள் துணி வெளுக்க எடுத்துப் போவார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மண்.

2010-ல் டுசுபியுவும் அவருடன் சேர்ந்தவர்களும் இந்த அலுமினாக் கண்ணாடியையே துளித் தனிமங்களை வைத்துப் பல வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு வகையில் பேரியம் அதிகம், யுரேனியம் குறைவு. அது பழையது, தென்னிந்தியா, இலங்கையில் தொடங்கித் தென்கிழக்கு ஆசியாவெங்கும் கிடைக்கிறது. இன்னொன்றில் நேர்மாறாக யுரேனியம் அதிகம், பேரியம் குறைவு. அது பிற்காலத்தது, மும்பைக்குத் தெற்கே சவுல் துறைமுகத்திலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் கிடைக்கிறது. கண்ணுக்கு இரண்டு மணியும் ஒன்றுதான். வேண்டாமல் மணலோடு வந்து சேர்ந்த துளிதான் இரண்டையும் பிரிக்கிறது. லேப் பெரியவர் உயிரோடு இருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்.

இந்த இடத்தில், "ஆக, தமிழன் செய்த மணி தீவுதோறும் போனது" என்று முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். அப்சிடியன் விஷயத்தில் எரிமலை இன்ன தீவில், இன்ன சரிவில் என்று சொல்ல முடிகிறது. பேரியம் அதிகமான நம் மணிக்குக் கிடைக்கும் முகவரி "தென்னிந்தியா அல்லது இலங்கை". அவ்வளவுதான். தபால்காரரிடம் இப்படி ஒரு கடிதத்தைக் கொடுத்தால் என்ன சொல்வார்? காரணமும் இருக்கிறது. நம் பாறையும் இலங்கைப் பாறையும் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்த ஒரே நிலம்; மணலும் அக்கா தங்கை போலத்தான் இருக்கும். போதாததற்கு, இந்த வகைக் கண்ணாடியை மணலிலிருந்தே உருக்கிய பழைய இடமாகத் தோண்டிக் காட்டப்பட்டிருப்பது இலங்கையின் வடமேற்கில் உள்ள கிரிபாவ. மணி செய்த பட்டறை வேறு, கண்ணாடியை உருக்கிய உலை வேறு என்பதையும் மறந்துவிடக்கூடாது. பில்லெட் ஒரு ஊரில் வாங்கி, கம்பி இன்னொரு ஊரில் இழுப்பதில்லையா?

இதைவிடச் சூடான ஒரு விஷயம் இருக்கிறது. நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் சண்டையே வந்தது. பானை ஓட்டுக் கதை.

பாலித் தீவின் வடகரையில் செம்பிரான் என்ற கிராமத்தில் 1980-களின் இறுதியில் இ வயன் அர்திகா என்ற பாலி நாட்டுத் தொல்லியலாளர் தோண்டினார். இந்தியப் பானை ஓடுகள் கிடைத்தன. முக்கியமாக ரௌலெட்டட் என்று சொல்லப்படும் வகை: வழவழப்பான தட்டு, உள்ளே அடிப்பாகத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோலம் அழுத்தியிருக்கும். 1991-ல் அர்திகாவும் நம் பழைய நண்பர் பெல்வுட்டும் சேர்ந்து அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அரிக்கமேட்டில் கிடைக்கும் அதே சாமான்! இதை ஒரு நண்பர் குழுவில் போட்டு, "பாலியில் தமிழன் தட்டில் சாப்பிட்டிருக்கான்" என்று எழுதினார். நாற்பது கைதட்டல்.

ஆனால் அந்தத் தட்டுக்கே ஊர் ஒரு இடத்தில் நிற்கவில்லை. 1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்டிமர் வீலர், இந்தப் புள்ளிக்கோல வேலை மத்தியதரைக் கடல் பக்கத்தது, நல்ல தட்டுகள் அங்கிருந்தே வந்தவை என்ற எண்ணத்தில் இருந்தார். 1980-களில் விமலா பெக்லி என்ற ஆய்வாளர் அந்த ஓடுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து, இது இந்தியாவில் செய்தது, ரோமானியர் வருகைக்கு முன்பே தொடங்கியது என்று வாதாடினார். அரிக்கமேட்டிலேயே செய்திருப்பார்கள் என்று நம்மில் பலரும் நிம்மதியானோம். 1997-ல் புனே டெக்கான் கல்லூரியின் விஸ்வாஸ் கோக்டே எக்ஸ்ரே முறையில் களிமண் கனிமங்களை ஒப்பிட்டுப் பார்த்து, இந்த மண் வங்காளத்தினுடையது, சந்திரகேதுகர், தாம்லுக் பகுதியினுடையது என்றார்! 2005-ல் ஃபோர்டு, பொல்லார்ட், கனிங்காம், ஸ்டெர்ன் ஆகியோர் வேதியியல் முறையில் ஆராய்ந்து, ரௌலெட்டட் தட்டும் அதன் உறவுக்காரப் பாத்திரங்களும் ஏறக்குறைய ஒரே நிலவியல் சூழலிலிருந்து வந்தவை என்றார்கள். தோண்டுகிற ஊரிலெல்லாம் செய்ததல்ல, ஏதோ ஒரு பகுதியில் செய்து எங்கும் பரப்பிய சரக்கு என்ற அளவுக்கு அது பலமான சாட்சி. இன்ன ஊர்ச் சூளை என்று காட்டும் அளவுக்கு இல்லை.

நான் இதையெல்லாம் குழுவில் எழுதினேன். "டேய் மாப்ள, நீ யாரு பக்கம்டா?" என்று பதில் வந்தது. ஒருவர் குழுவை விட்டே வெளியேறினார். (இந்தக் கூடலுக்கு வருகிறார் என்று கேள்வி. வரட்டும், டீ வாங்கித் தருகிறேன்.)

யார் பக்கம் என்று கேட்டால், நான் மண் பக்கம். இதில் தமிழனுக்கு ஒரு குறைவும் இல்லை என்பது என் எண்ணம். தட்டு வங்காளத்து மண்ணாகவே இருந்தாலும், அது அரிக்கமேட்டிலும் அனுராதபுரத்திலும் பாலியிலும் கிடைக்கிறது என்றால் கப்பல்கள் இந்தக் கரையெல்லாம் தொட்டுத் தொட்டுப் போயிருக்கின்றன என்றாகிறது. அதுவும் சரித்திரம்தானே? நம் கொங்கு நாட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல். 1980-களின் நடுவிலிருந்து தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறகு மற்றவர்களும் தோண்டினார்கள், பேராசிரியர் கா. ராஜனின் உழைப்பு அதில் பெரிது. கல்மணிப் பட்டறைகள் வெளிவந்தன. பச்சைக்கல்லான பெரில் பக்கத்துப் படியூரில் கிடைப்பது. ஆனால் அதே ஊரில் நீல லாபிஸ் கல்லும் கிடைத்தது. அது ஆப்கானிஸ்தான் மலைக்கல். நொய்யல் கரையில் உட்கார்ந்துகொண்டு படியூர்க் கல்லையும் ஆப்கன் கல்லையும் ஒரே பட்டறையில் வைத்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. எல்லாக் கல்லும் நம் கல்லாகவே இருந்திருந்தால் அந்தச் சிலிர்ப்பு ஏது?

இப்போது என் மணிக்கு வருகிறேன்.

கம்பெனிக்கு ஒரு விற்பனையாளர் எக்ஸ்ரே துப்பாக்கி டெமோ காட்ட வந்தார். உலோகத்தின் மேல் வைத்து அழுத்தினால் கலவையைச் சொல்லும் கைக்கருவி. மதிய உணவு நேரத்தில் என் தீப்பெட்டியை எடுத்து மணியை வைத்தேன். சிலிக்கான், அலுமினியம், இரும்பு, செம்பு. செம்பு போட்டுச் சிவப்பாக்கிய கண்ணாடி என்பது உறுதி. சோடியம் அந்தக் கருவியின் கண்ணுக்கே தெரியாது. மண்ணில் கிடந்து மேல்தோல் அரித்துப்போன மணியில் மற்ற எண்களையும் அப்படியே நம்ப முடியாது. இருந்தாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சேலத்தில், ஓய்வு பெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனேன்.

லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். "நல்ல மணிங்க தம்பி. இழுத்துச் செஞ்ச மணிதான். ஓட்டைக்கு ஒட்டினாப்பல கோடு ஓடுது பாருங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் கேட்டார்:

"எந்த ஊருல எடுத்தீங்க?"

"மல்லசமுத்திரம் பக்கமுங்க சார்."

"பக்கம்னா? எந்த ஊரு, எந்த ஏரி, யாரு காடு?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த முகாமில் ஏழு நாளில் மூன்று ஊருக்குப் போனோம். மூன்றிலும் வாய்க்கால் வெட்டினோம். மணி கிடைத்தது எந்த நாள் என்றே நினைவில்லை. வாய்க்கால் மண்ணா, கரைக்கு வேறெங்கிருந்தோ டிராக்டரில் கொண்டுவந்து கொட்டிய மண்ணா? அதுவும் தெரியாது. பக்கத்தில் பானை ஓடு கிடந்ததா, பாண்டியன் குழி ஏதாவது இருந்ததா? பார்க்கவில்லை.

அவர் மணியைத் தீப்பெட்டியில் போட்டு மெதுவாக மூடினார். "இதை சிகாகோவுக்கே அனுப்பினாலும் கண்ணாடி எந்த மண்ணுன்னு சொல்லுவாங்க. ஆனா அது எங்க வந்து சேர்ந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும். ரெண்டு முனையும் இருந்தாத்தானே கயிறு? ஒரு முனையை நீங்களே அறுத்துட்டீங்களே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காபி கொடுத்துத்தான் அனுப்பினார். பஸ் ஸ்டாண்டுவரை எனக்கு அந்த நைட் ஷிப்ட் முற்றம்தான் கண்முன்னால் நின்றது. ஹீட் நம்பர் போடாத இரண்டாவது உருப்படி இது. இதைக் காப்பாற்ற எந்த ஸ்பெக்ட்ரோவாலும் முடியாது.

சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் வழியாக நம் வட்டாரத்துக்கு வந்து காவிரியில் சேரும் ஆற்றுக்குத் திருமணிமுத்தாறு என்று பெயர். பெயரிலேயே மணி இருக்கிறதே என்று அன்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. பெயரை வைத்துச் சரித்திரம் எழுதக்கூடாது என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன். ஆனாலும் கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே, ஒரு ஏரி வாய்க்காலில், தீவுகளில் சீராகக் கொடுக்கும் அதே சாயலில் ஒரு மணி எப்படி வந்தது? வியாபாரி மூட்டையிலா, ஒரு பெண்ணின் கழுத்திலா? எந்த ஊர் என்று தெரிந்தால், அங்கே இன்னும் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் போய்ப் பார்க்கலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்த ஆண்டு முகாமில் இருந்தவர்கள், குறிப்பாக சிவில் பிரிவு நண்பர்கள், வீட்டுப் பரணில் பழைய போட்டோ ஏதாவது கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கரையில் வரிசையாக நின்று மண்வெட்டியோடு எடுத்த குரூப் போட்டோ ஒன்று உண்டு என்று நினைவு. பின்னால் ஒரு வேப்பமரமும் கோயில் சுவரும் தெரியும். என் வலது கை சட்டைப் பைக்குள் இருந்தால் அது அன்றைக்கு எடுத்ததுதான். இப்போது படிக்கும் மாணவர்களில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இருப்பீர்கள். அந்தச் சுவரைப் பார்த்தால் எந்தக் கோயில் என்று சொல்லிவிடுவீர்கள்.

மணியைக் கூடலுக்குக் கொண்டுவருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேன்டீன் வாசல் புளியமரத்தடியில் இருப்பேன்.